நாம்பளும் நாங்களும்

வரிசையில் நிற்பது எப்படி என்பதே தனக்கு மறந்துபோய்விட்டது என்று, கோபிச்செட்டிபாளையத்து ரேஷன் கடைக்கு வந்த பத்தாவது நிமிஷத்தில் சிகாமணி கண்டுகொண்டான். கனடாவின் கால்கரியில் இருபத்திரண்டு வருஷம் நின்ற பழக்கத்தில் முன்னால் இருப்பவருக்கும் தனக்கும் நடுவே ஒரு முழுக்கை இடம் விட்டு நின்றான், அந்த இடத்தில் முதலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள், அப்புறம் அவளுடைய நாத்தனார், அப்புறம் நாத்தனாருக்குத் தெரிந்த ஒருத்தி, மூன்று பேரும் அவனை ஏமாற்ற வந்தவர்கள் இல்லை, இடைவெளி விட்டு நிற்கிறவன் வரிசையில் இல்லை, சும்மா வேடிக்கை பார்க்கிறான் என்று நியாயமாகவே நினைத்துக்கொண்டவர்கள். அதிலும் வரிசையின் முன்பாதியில் ஆட்களே இல்லை. பைகள்தான். ஒரு கட்டைப்பை, ஒரு உரச்சாக்கு, ஒரு ஒயர்கூடை, ஒரு பாதிச் செங்கல். இவற்றுக்குச் சொந்தக்காரர்கள் எதிரே புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து யாரோ ஒருத்தர் வீட்டுச் சீர்வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற பச்சைத் துண்டுப் பெரியவர், "பையை வெச்சுப்போட்டு நெழலுக்கு வாங்க, ஏன் வெய்யில்ல காயறீங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். சிகாமணிக்குத் தைரியம் வரவில்லை. தனக்குப் பதிலாக ஒரு பை நிற்கும், அந்தப் பையை ஊரே மதிக்கும் என்பதை நம்புவதற்கு வேறுவிதமான மனசு வேண்டும், அது அவனிடம் ஒருகாலத்தில் இருந்தது, எங்கே எப்போது விழுந்துபோனதோ. காலையில் அடுப்படியிலிருந்து அம்மா, "நீ போயி வரிசைல நில்லு கண்ணு" என்றாள், அதற்கு மேல் என்னவோ சொன்னாள், அதை மிக்ஸி அரைத்துவிட்டது. அவன் ஃபிரிட்ஜின் மேல் இருந்த கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். வீட்டை விட்டு வெளியே வர ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஏனென்றால் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, இன்னும் ஒன்பது நாள்தான், ஒன்பது நாளில் கடைசி இரண்டு நாள் பெட்டி கட்டுவதிலும் பொடி வறுப்பதிலும் போய்விடும், கடைசி நாளில் சொன்னால் அது சொல்வது ஆகாது, கல்லெறிந்துவிட்டு ஓடுவது. இன்றைக்கே. இதைத்தான் நேற்றும் நினைத்தான். இத்தனைக்கும் விஷயம் ஒரே வரி. அவனும் மனைவி பிரேமலதாவும் மகளும் இனி இந்தப் பக்கம் குடி வரப்போவதில்லை, அங்கேயே இருந்துவிடப் போகிறார்கள், இந்தியாவின் நீலப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அவ்வளவுதான். இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மா தினமும் கேட்கிறாள். போனில் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டாள், இங்கே வந்தால் நேரில் கேட்கிறாள், இட்லி வைத்துவிட்டு, சட்னி ஊற்றிவிட்டு, இன்னொன்று வைக்கட்டுமா என்பதைப் போலவே அதே குரலில், "எப்ப கண்ணு வந்து சேரப்போறே?" அவனும் அதே குரலில், "ரெண்டு வருஷத்துலம்மா" என்கிறான். அந்த இரண்டு வருஷம் பதினோரு தடவை வந்து போய்விட்டது. அம்மாவுக்குக் கணக்கு வராமல் இல்லை, அப்பாவின் உரக்கடையில் இருப்புப் பார்த்தவளே அவள்தான். எழுபத்தாறு வயதில் அவள் அவனை எதிர்பார்த்துக்கொண்டு மாடி அறையைப் பூட்டி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை திறந்து கூட்டுகிறாள். மறுபடியும் பூட்டுகிறாள்.

"உங்களுக்கு எந்தூருங்க?" என்று பச்சைத் துண்டுக்காரர் கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்க மட்டும் இந்த ஊரில் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள், பேரைக் கேட்பதற்கு முன்னாலேயே கேட்பார்கள், ஊர் தெரிந்தால் பாதி ஆள் தெரிந்தமாதிரி. "இதே ஊருதாங்க, கச்சேரிமேடு" என்று சிகாமணி சொன்னான். "பாத்ததில்லீங்களே." "வெளிய இருக்கறனுங்க." "கோயமுத்தூருங்களா?" "இன்னுங் கொஞ்சம் தூரங்க." வாய் இத்தோடு நின்றிருக்கலாம். பேச்சு நின்றுபோனால் மரியாதையாக இருக்காது என்று, கால்கரியில் லிஃப்டில் வானிலை பேசுகிற பழக்கத்தில், "உங்க ஊருல மாசியிலயே வெய்யில் இந்தப் போடு போடுதுங்களே" என்றான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. உங்க ஊரு. பெரியவர் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். "எங்கூருங்களா? அப்ப உங்கூரு எதுங்க?" கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதனால்தான் சுருக்கென்று இருந்தது. சிரித்து வைத்தான். வந்ததிலிருந்து இது நாலாவது தடவை. ஏர்போர்ட்டில் கார்க்காரரிடம் ஒன்று, சலூனில் ஒன்று, தம்பி பெண்சாதி வசந்தாமணியிடம், "உங்க வீட்டு ஹீட்டர் எப்படிப் போடறதுங்க" என்று ஒன்று. தான் பிறந்த வீட்டை. அவள் வந்து சுவிட்சைக் காட்டிவிட்டு, போகும்போது மட்டும், "நம்மூட்டு ஹீட்டரு சித்த நேரங் கழிச்சுத்தானுங்க மாமா சூடாகும்" என்றாள். அந்த நம்மூட்டில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பிறகு வந்த தண்ணீர் சூடாகத்தான் வந்தது.

மகளுக்கு இதையே அவன் வகுப்பு எடுத்திருக்கிறான், அதுதான் வேடிக்கை. எட்டு வயதில் அவள் வந்து, "அப்பா, நாங்க சினிமாவுக்குப் போலாமா?" என்று கேட்டாள், போய் வா, யாரோடு போகிறாய் என்றான், "உங்களோடதான்" என்றாள் அழாத குறையாக. உட்கார்த்தி வைத்துச் சாப்பாட்டு மேஜையில் மிளகு டப்பாவையும் உப்பு டப்பாவையும் வைத்து விளக்கினான். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்ப, கேட்கிறவரை வெளியே விட்டால் நாங்க. ஒரே வார்த்தை போதுமே, எதற்கு இரண்டு என்று கேட்டாள். எதற்கு என்று அவனுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. இந்தப் பன்னிரண்டு நாளாகத்தான் தெரிகிறது. ஏனென்றால் அந்த ஒரு வரியை இங்கிலீஷில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்ல முடிகிறது, வீ ஹேவ் டிசைடட் டு ஸ்டே, எவ்வளவு சுளுவு, அந்த வீயில் அம்மா இருக்கிறாளா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை, ஒரு மூலையில் அவளும் உட்கார்ந்துகொள்ளலாம். தமிழில் வாயைத் திறந்தால் முதல் வார்த்தையே கதவைச் சாத்துகிறது. நாங்க அங்கயே இருந்துக்கலாம்னு இருக்கறோம்மா. நாங்க. இவள் பெற்ற பிள்ளை, இவள் முகத்தைப் பார்த்து, நாங்க என்று சொல்ல வேண்டும். நாம்ப என்றால் பொய். நான் என்று ஆரம்பித்தால், பிரேமலதா என்ன சொல்கிறாள் என்று கேட்பாள், அவளும்தான் என்றால் மறுபடியும் நாங்க. சரி, ஆளே இல்லாமல் சொல்லிப் பார்க்கலாம், அங்கயே இருக்கற மாதிரி ஆயிருச்சும்மா. இந்த வீட்டில் பெரிய சங்கதிகளை எல்லாம் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், யாரும் எதையும் செய்ததே கிடையாது, எல்லாம் தானாக ஆயிருச்சு. கடையை மூடற மாதிரி ஆயிருச்சு, தோட்டத்தைக் குடுக்கற மாதிரி ஆயிருச்சு. அப்பா போனபோது விமானச் சீட்டு கிடைக்காமல் மூன்றாம் நாள் வந்து இறங்கினான், தம்பி குழந்தைவேலு மொட்டைத் தலையோடு வாசலில் நின்றுகொண்டு, "நானே கொள்ளி வெக்கற மாதிரி ஆயிருச்சுங்கண்ணா" என்று, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவனைப் போலச் சொன்னான். அதை இப்போது நினைக்க வேண்டாம். வரிசை நகர்ந்தது. நாத்தனார் செங்கலைக் காலாலேயே ஒரு அடி தள்ளிவிட்டாள்.

குழந்தைவேலு இந்தத் தடவை வந்த இரண்டாம் நாளே தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னான். சண்டைக்கு வரவில்லை, அவனுக்குச் சண்டை போடத் தெரியாது, மோட்டார் ரூமில் ஃபியூஸ் மாற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அண்ணா, நீங்களே அம்மாகிட்டச் சொல்லிருங்க. யாழினிக்குப் படிக்க எடமில்ல, ஹால்ல டீவி சத்தத்துல காதைப் பொத்திட்டுப் படிக்கறா, பன்னெண்டாவது. மேல ரூமு சும்மா கெடக்குது. நாஞ் சொன்னா ரூமுக்கு ஆசப்பட்டுச் சொல்றேன்னு ஆயிருமுங்க." சொல்கிறேன் என்று தலையாட்டினான். தம்பிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்துப் பத்து நாளாகத் தம்பி மகள் காதைப் பொத்திக்கொண்டு படிக்கிறாள், இவன் மாடியில் ஃபேன் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான், சொல்ல வேண்டிய வரியைத் திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டு. பயம் எதற்கு என்று யோசித்தால் ஒழுங்காகப் பிடிபடவில்லை. அம்மா அழுவாள் என்றா? அம்மா சுலபத்தில் அழுகிற ஆள் இல்லை. சாபம் விடுகிற ஆளும் இல்லை. செரி என்பாள். செரி கண்ணு என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள், சட்டியில் கரண்டி படுகிற சத்தம் கேட்கும், அந்தச் சத்தம்தான் பயம். அப்புறம் அவள் தினமும் எதைக் கேட்பாள்? கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போனால் மனுஷி இளைத்துப்போவாள், படுத்துவிடுவாள், போன் வரும், மறுபடியும் சீட்டு கிடைக்காது. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நின்றுவிடும், பின்வாங்கி மறுபடி முதலிலிருந்து வரும், சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே, நாங்க, இல்லை, வேறு மாதிரி. கடைக்குள்ளிருந்து சாக்கு வாசனையும் பருப்புத் தூசியும் கலந்து வந்தது. பதினாறு வயது வரை அவன்தான் இந்தக் கடைக்கு வருவான், அட்டைக் கார்டு, அதில் குடும்பத்தலைவர் அப்பா, மூன்றாவது பேர் தெய்வசிகாமணி, ஆண், சிணுங்கிக்கொண்டே வருவான். அங்கே ஆபீஸில் அவனை டேவ் என்று கூப்பிடுகிறார்கள். தெய்வம் எப்படியோ டேவ் ஆகிவிட்டது, அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

அவன் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு இளம்பெண் கார்டை வாங்கி மிஷினில் காட்டினாள். "வெரலு வைங்க சார்." வைத்தான். மிஷின் சிவப்பாக எரிந்தது. "தொடச்சிட்டு வைங்க." வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தான். "அடுத்த கை." அடுத்த கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், ஒவ்வொன்றாகப் பத்து விரலில் ஆறை ஊர் பார்க்க நீட்டினான், வரிசையில் இருந்தவர்கள் ஆலோசனை சொன்னார்கள், ஈரம் பண்ணி வைக்கச் சொன்னார் ஒருத்தர், அழுத்தாமல் வைக்கச் சொன்னார் ஒருத்தர். அந்தப் பெண் மிஷினைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "உங்க பேரு என்னங்க சார்?" சொன்னான். "இதுல இல்லீங்களே. நாலு பேருதானுங்க இருக்குது. கருணாம்பாள், குழந்தைவேலு, வசந்தாமணி, யாழினி." பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு படிப்பது போல நாலு பேரையும் படித்தாள். "கார்டுல பேரு இருக்கறவங்க வந்து வெரலு வெச்சாத்தானுங்க பில்லு வரும்." இருக்காது என்பது புத்திக்குத் தெரிந்த விஷயம்தான், வேற்று நாட்டுப் பிரஜையின் பேர் ரேஷன் கார்டில் எப்படி இருக்கும், சட்டமே இடம் தராது, தானே யாருக்காவது இதை விளக்கிச் சொல்லியிருப்பான். ஆனால் காது வேறு, புத்தி வேறு. மூன்றாவது பேர் வரும் வரும் என்று காது காத்திருந்தது. தம்பிதான் எடுத்திருக்க வேண்டும். வருத்தப்படவும் முடியாது, தம்பி செய்தது முறைதான், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்று அந்தக் கோபத்தையே கேட்கவும் வேண்டியிருந்தது. அதற்குள் வேறொன்று உறைத்தது. அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவனை அனுப்பியிருக்க மாட்டாள். மகன் பேர் கார்டில் இருக்கிறது என்று நம்பித்தான் வரிசைக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். இப்போது திரும்பிப் போய் என்ன சொல்வது? மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். தம்பியைக் கூப்பிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். "சார், சித்த ஓரமா நில்லுங்க, அடுத்தவங்க வரட்டும்" என்றாள் அந்தப் பெண். ஓரமாக நின்றான். பச்சைத் துண்டுப் பெரியவர் தன் முறைக்கு நகர்ந்துகொண்டே அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுக்குள்ள முன்னால போயிட்டயா?" என்று குரல் கேட்டது. அம்மா. கறுப்புக் குடையும், இன்னொரு பையும், மேல்மூச்சு வாங்க வந்து நின்றாள். "நீ போயி வரிசைல நில்லு, நான் சட்னிய அரச்சுப்போட்டுப் பின்னாலயே வாரேன்னு சொன்னனல்ல? நீ பாட்டுக்குக் கார்டைத் தூக்கிட்டு வந்துட்டே." சிகாமணிக்கு வாயில் பொய் தயாராக இருந்தது. "மிஷின் வேலை செய்யலம்மா, அப்பறம் வரலாம்" என்று அவள் முழங்கையைப் பிடித்தான். "நல்லாத்தான வேலை செய்யுது" என்று அம்மா, பெரியவருக்குப் பில் வந்ததைப் பார்த்துவிட்டு, மேஜைப் பக்கம் போனாள். "அம்மணி, கருணாம்பாள்னு பாரு." தேய்ந்த விரல்தான், முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை, மூன்றாவது தடவைக்குப் பச்சை எரிந்தது. "சாரு உங்க பையனுங்களாம்மா? பேரு இல்லாம வெரலு வெச்சிட்டிருந்தாருங்க" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். சிகாமணி வேறு பக்கம் பார்த்தான். அம்மா சிரித்தாள். "அவம் பேரு எப்பிடி இருக்கும், நாந்தான எடுத்தேன்." எண்ணெயை வாங்கி அவன் கையில் கொடுத்தாள், சர்க்கரையைப் பையில் போடச் சொன்னாள், அவன் போட்டான், பருப்பு, போட்டான். கடையை விட்டு இறங்கிப் பத்தடி வந்த பிறகுதான் அவனுக்குக் கேட்க வாய் வந்தது. "நீயா எடுத்தே? எப்ப?"

"அது ஆச்சு ஆறேழு வருசம். பேரைச் செரிபாக்கறோம்னு கூப்பிட்டாங்க, உன்ற தம்பிக்கு அன்னிக்கு வேலை, நானே போனேன். ஒவ்வொரு பேரா படிச்சாங்க. உம்பேரு வந்துது, இருக்காருங்களானு கேட்டாங்க, இல்லீங்கனேன். அந்தாளு படக்குனு இறந்துட்டாருனு எழுதப் போயிட்டான். அட, நாசமாப் போறவனே, நல்லா இருக்கறானுங்க, அங்க இருக்கறானுங்கனு சொன்னேன். அப்ப என்னனு எழுதறதுங்கறான். நான் பாத்தேன். கண்ணாலமாயிப் போயிட்டானு எழுதிக்கனேன்." "என்னது?" "ஆமா. பொண்ணக் கட்டிக் குடுத்தா பேரை எடுத்து அக்கட்ட எழுதறதில்லையா, அதாட்டந்தான். நீயும் போயிட்டே, நல்லா இருக்கறே, வந்து வந்து பாத்துட்டுப் போறே. வேறென்னனு எழுதறது?" எதிரே ஒரு மினி பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு போனது, அம்மா அவனை ஓரமாக இழுத்துக்கொண்டாள். ஆக, அவன் சுமந்து சுமந்து கொண்டுவந்து, விமானத்தில் ஏற்றி இறக்கி, பன்னிரண்டு நாளாக மாடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த வரியை, அவள் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ ஒரு ஆபீஸ்காரரிடம் நின்றுகொண்டே சொல்லி முடித்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சோறாக்கியிருக்கிறாள். நிம்மதியாக இருக்க வேண்டும். இருந்தது, நெஞ்சின் ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் ஒரு ஐந்து வயதுப் பையன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றான். "அப்பறம் எதுக்கும்மா தெனமும் எப்ப வர்றே எப்ப வர்றேனு கேக்கறே?" குரல் உயர்ந்துவிட்டது, அவனுக்கே வெட்கமாக இருந்தது. அம்மா குடையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள், இதுகூடவா தெரியாது என்பது போல. "கேக்காட்டி நீ வெசனப்படுவயே. அம்மா நம்மள எதிர்பாக்கறதையே உட்டுட்டாளாட்டக்குதுனு நெனச்சுக்க மாட்டயா?"

மாடி ரூம், என்று அவன் ஆரம்பித்தான். "அந்தப் புள்ளைக்குத்தான் குடுக்கோணும். நீ இருக்கறப்பவே தூக்கிக் குடுத்தா உனக்கு ஒரு மாதிரி இருக்கும், உன்னைய ஊருக்குத் தாட்டி உட்டுட்டுக் குடுத்துக்கலாம்னு இருந்தேன்." பிறகு, வெண்டைக்காய் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பதைப் போல அதே குரலில், "நாங்க இங்க பாத்துக்கறோம் சாமி. நீங்க அங்க நல்லா இருங்க" என்றாள். நாங்க. நீங்க. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அவள் வாயில். தடுக்கவில்லை, தயங்கவில்லை, ஒரு வார்த்தையும் தப்பில்லை. இனி அவன் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை, தம்பிக்குக் கொடுத்த வாக்கும் தீர்ந்தது, நாளைக்குக் காலையில் இட்லி வைத்துவிட்டு அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், அவனும் பொய் சொல்ல வேண்டியதில்லை, மீதி ஒன்பது நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தெரு திரும்பியது. அவனுடைய வாய் திறப்பதை அவனே கேட்டான். "ரெண்டு வருஷத்துல வந்துருவேம்மா." அவள் கேட்காமலே சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மா நிற்கவில்லை, சிரிக்கவும் இல்லை. குடையைக் கொஞ்சம் அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். "செரி கண்ணு, வா" என்றாள். "பையை இந்தக் கைக்கு மாத்திக்க, எண்ணெ பாக்கெட்டு ஒழுகுது பாரு."